கதிர்காமத்தில் கட்டிய பிராது

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் செராமிக் வேலை தொடங்கிய காலத்திலேயே அதில் சேர்ந்த பெண்களில் அம்சவல்லியும் ஒருத்தி. அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பியூஸ் கட்டைகளை ஈரப் பஞ்சால் துடைத்து, ஓரத்துப் பிசிறை எடுப்பது அவள் வேலை. கொஞ்சம் அழுத்தினால் மண் நெளிந்துவிடும், கொஞ்சம் விட்டால் பிசிறு அப்படியே நின்று சூளையில் வெந்துவிடும். அவள் துடைத்து அடுக்கிய பலகையை மேஸ்திரி திருப்பிப் பார்த்ததில்லை. எட்டாவது வரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருடமே வயலில் பாம்பு தீண்டிப் புருஷன் போய்விட்டான். கருமாதி முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், ஒரு வாரம் அழுதாள், அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். கடல் தாண்டிய முதல் பெண்ணும் அவள்தான்.

அவளுடைய அப்பா கோவிந்தசாமியும் அதே பேட்டையில்தான் வேலை பார்த்தார். வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் ஒரு சின்ன மில்லில். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பார். தலையில் தண்ணீர் ஊற்றினால் வெளியில் இருக்கும் மாவு போய்விடும், உள்ளே போனது போகவில்லை. ஐம்பத்தைந்து வயதிலேயே நாலு படி ஏறினால் உட்கார்ந்துகொள்வார். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, துடைத்து எடுக்க வழியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊரில் அவருக்குப் பிராது கோவிந்தசாமி என்று பெயர். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோர்ட்டுக்கு எழுதுவது போலவே சாமிக்கு எழுத வேண்டும். வாதி யார், பிரதிவாதி யார், குறை என்ன, கோயிலிலிருந்து வாதியின் ஊர் எத்தனை மைல் என்று எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, நூல் சுற்றி முனியப்பர் வேலில் கட்டிவிட வேண்டும். மைல் எதற்கு என்றால், விசாரிக்கப் போகும் சாமியின் ஆளுக்கு வழி தெரிய வேண்டும் அல்லவா. காரியம் முடிந்ததும் கட்டியவரே போய், பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு நடந்துகொண்டே இருக்கும். கோவிந்தசாமி ஆடு காணாமல் போனாலும் கட்டுவார், பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்தினாலும் கட்டுவார். எழுதுவது அம்சவல்லி. ஒவ்வொன்றையும் மறக்காமல் போய்த் திரும்ப வாங்கியும் விடுவார். அந்த ஒழுங்கு அவரிடம் இருந்தது.

அறுபடை வீடும் பார்த்துவிட்டார், கதிர்காமம் ஒன்றுதான் பாக்கி என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1971-ஆம் வருடம் மாசி மாதத்தில், சிதம்பரத்திலிருந்து ஒரு கூட்டத்தை இலங்கைக்கு யாத்திரை கூட்டிப் போகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அனுராதபுரம், கண்டி, கதிர்காமம், கூடவே வழிகாட்டி, சாப்பாடு. அம்சவல்லி சீட்டை எடுத்தாள். புதுச் சட்டை போட்டு அப்பாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாள்.

அக்கா ஆண்டாளுக்கு இது பிடிக்கவில்லை. ஆண்டாளைப் பழமலைநாதர் கோயில் தெருவில் கட்டிக்கொடுத்திருந்தது. விருத்தாசலத்தில் உயிர் விடுகிறவரைப் பெரியநாயகி தன் மடியில் கிடத்திக்கொள்வாள், சாமி காதில் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லுவார் என்பது ஊர் நம்பிக்கை. இங்கே செத்தால் காசிக்குப் போக வேண்டியதில்லை. சாகப் போகிற வயதில் வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குகிறவர்கள்கூட உண்டு.

"ஏன்டி, ஊரு ஊரா இருக்கறவன்லாம் சாவறதுக்கு இங்க வரான். நீ மூச்சு வாங்கற மனுசன வெளிய இட்டுக்கினு போறன்றியே" என்றாள் ஆண்டாள்.

"அவுரு ஆசப்படறாரு."

"வழில ஒண்ணு ஆயிட்டா? கடலு நடுவுல தூக்கிப் போட்டுட்டு வருவியா?"

மூலையில் உட்கார்ந்திருந்த கோவிந்தசாமி இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டாளு சொல்றது சரிதான். எனுக்கு ஒண்ணுதான். எங்க வேணா போறன், எத வேணா பாக்கறன். ஆனா கடைசி மூச்சு இந்த ஊருலதான். அதுக்கு யாரு பொறுப்பு?"

"நானு" என்றாள் அம்சவல்லி. "உசுரோட கொண்டாந்து வுடறன். போதுமா?"

அப்படிச் சொன்ன பிறகு அவள் அதிலிருந்து ஒரு நாளும் நகரவில்லை.

பங்குனி மாதத்தில் ராமேசுவரத்தில் கப்பல் ஏறினார்கள். கூட்டத்தில் பெண்ணாடத்து ராஜம்மாள் இருந்தாள். சர்க்கரை ஆலை மேஸ்திரியின் பெண்டாட்டி. வாய் ஓயாதவள். ஏறியதிலிருந்து அவளுக்குக் கோவிந்தசாமியின் இருமல்தான் பொழுதுபோக்கு.

"அண்ணே, நீங்க இருமறதுல கப்பலு சாயுது பாருங்க. கொஞ்சம் நடுவுல வந்து குந்துங்க."

"நடுவுல நீ குந்திக்கினு இருக்கறியே தாயி. ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தா கப்பலு தாங்குமா?" என்றார் கோவிந்தசாமி. கூட்டமே சிரித்தது.

தலைமன்னாரில் இறங்கியதும் வழிகாட்டி ஐயாத்துரை வந்து சேர்ந்துகொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, கையில் குடை, நெற்றியில் பட்டை. அவர் பேசுகிற தமிழ் முதல் நாள் பாதி புரிந்தது, மறுநாள் முக்கால் புரிந்தது. ஏற்பாடு செய்த பஸ்ஸில் முதலில் அனுராதபுரம். மரங்களுக்கு மேலே மலை மாதிரி எழுந்து நின்ற செங்கல் கும்மட்டங்கள், புல் முளைத்த படிக்கட்டுகள், ராஜாக்கள் குளித்த கல்குளங்கள். ஐயாத்துரை ஒவ்வொன்றுக்கும் ராஜாவின் பேர் சொல்லி, யார் யாரை வெட்டிப் பட்டத்துக்கு வந்தான் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"ஒருத்தன்கூட படுக்கையில சாவல போலக்குதே" என்றார் கோவிந்தசாமி.

"ராசா எண்டால் அப்பிடித்தான் ஐயா" என்று சிரித்தார் ஐயாத்துரை.

அம்சவல்லி படிகளைப் பார்த்து வைத்துக்கொள்வாள். எங்கே ஏற வேண்டும், எங்கே உட்கார நிழல் இருக்கிறது என்று முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அப்பாவை அழைத்துப் போவாள். கும்மட்டத்தின் செங்கல்லைக் கோவிந்தசாமி தடவிப் பார்த்தார். "நல்லா வெந்துருக்குது" என்றார். அவ்வளவுதான் அவருக்கு அனுராதபுரம்.

ஏதோ சரியில்லை என்று அவளுக்குக் கண்டியில்தான் தோன்றியது. ஏரிக்கரையில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாள்களை ஒரு கூட்டம் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பே கடைகள் சாத்தினார்கள். கடைக்காரர்கள் பொருளை எடுத்துக் கொடுக்கும்போது இவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, இவர்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்கள்.

"என்னாங்க இது, எழவு வூடு மாரி இருக்குதே?" என்று ராஜம்மாள் ஐயாத்துரையைக் கேட்டாள்.

"ஒண்டும் இல்லை அம்மா. அரசாங்கம் கொஞ்சம் கவனமா இருக்குது. நாங்கள் சாமி பாக்க வந்தனாங்கள், எங்களுக்கு என்ன?"

சொல்லிவிட்டு அவர் தனியாகப் போய் டிரைவரோடு குசுகுசுவென்று பேசினார். அன்றைக்குப் பிறகு எங்கேயும் ராஜா கதை சொல்லவில்லை. "கெதியா ஏறுங்கோ, கெதியா ஏறுங்கோ" என்று அவசரப்படுத்தியது மட்டும்தான்.

மலை இறங்கி, காட்டு வழியாகக் கதிர்காமம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குள் போனார்கள். கோபுரம் இல்லை, சிலை இல்லை. படம் வரைந்த ஒரு திரை தொங்கியது. பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார், வந்தார். திரை விலகவே இல்லை. கோவிந்தசாமி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அத்தனை தூரம் வந்தும் சாமி முகம் காட்டவில்லை என்பது அவரை என்னவோ செய்துவிட்டது. வெளியே வந்து அரச மரத்தடியில் உட்கார்ந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அதுவரை இல்லாத இருமல். துண்டை வாயிலிருந்து எடுத்தபோது அதில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. மடித்து மறைக்கப் பார்த்தார். அம்சவல்லி பார்த்துவிட்டாள்.

"பாப்பா, நானு ஊரு போய்ச் சேர மாட்டன் போலக்குது."

"சும்மா இருங்கப்பா."

"பேப்பர எடு. பிராது ஒண்ணு எழுது."

"இங்கலாம் கட்ட மாட்டாங்கப்பா. இது மணவாளநல்லூரா?"

"அங்க இருக்கறவன்தான இங்கயும் இருக்கறான். எழுது."

வாதி, விருத்தாசலம் கோவிந்தசாமி. பிரதிவாதி, என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிற கல் தூசி. குறை, நான் என் ஊர் போய்ச் சேருவதற்குள் மேற்படி தூசி என் மூச்சை நிறுத்தப் பார்க்கிறது. வேண்டுவது, என் மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மைல் என்ற இடம் வந்ததும் அவர் ஐயாத்துரையைக் கூப்பிட்டார். இங்கிருந்து தலைமன்னாருக்கு எந்த வழி, வழியில் என்னென்ன ஊர், ஒவ்வொன்றும் எத்தனை மைல், ஆறு எங்கே, பாலம் எங்கே என்று கேட்டார். மணவாளநல்லூர் என்றால் ஒரு வரி போதும். இது காடும் மலையும் கடலும் தாண்டி வருகிற வழி. சரியாகச் சொல்லாவிட்டால் சாமியின் ஆள் எப்படிப் பின்னாலேயே வருவான்?

"இதென்ன ஐயா பேய் வேலை" என்று ஐயாத்துரை சிரித்தார். ஆனாலும் சொன்னார். அம்சவல்லி ஊர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் மைல் போட்டு, பாலம் வருகிற இடத்தில் ஒரு கோடும் போட்டாள். ஓர் ஊர் முன்பின்னாகிவிட்டது. அடித்தல் திருத்தலோடு சாமிக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறு தாளில் புதிதாக எழுதினாள். அதை அப்பா கையாலேயே நூல் சுற்றி அரச மரத்துக் கிளையில் கட்டவைத்தாள். பிழையான தாளைக் கசக்கப் போனபோது கோவிந்தசாமி தடுத்தார். சாமி பேர் எழுதிய தாளைக் கீழே போடக் கூடாது என்று மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார்.

பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மாள் சொன்னாள்: "கட்டறது கட்டிட்டீங்க. அவுக்கறதுக்கு மறுபடியும் கப்பலு ஏறுவீங்களாண்ணே?"

அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்தபோது, அவர்கள் தங்கியிருந்த மடத்து வாசலில் ஐயாத்துரை வெறுங்காலோடு நின்றிருந்தார். குடை இல்லை, நெற்றியில் பட்டை இல்லை. இரவோடு இரவாக வெல்லவாயாவில் போலீஸ் ஸ்டேஷனை அடித்துவிட்டார்களாம். அடித்தது யார் என்று கேட்டதற்கு, "பெடியள்" என்று மட்டும் சொன்னார், அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்களப் பையன்களை. வந்த வழியில் திரும்ப முடியாது, கடலோரமாகச் சுற்றிப் போவோம் என்றார். ஏறினார்கள். வழியில் ஊர்கள் இருந்தன, ஆள் இல்லை. ஒரு வீட்டு வாசலில் மாடு மட்டும் நின்று கத்திக்கொண்டிருந்தது. தந்திக் கம்பங்கள் வரிசையாக ரோட்டில் சாய்ந்து கிடந்தன. ராஜம்மாள்கூடப் பேசவில்லை. பஸ்ஸில் கேட்ட ஒரே சத்தம் கோவிந்தசாமியின் மூச்சு.

ஒரு பாலத்துக்கு முன்னால் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, காக்கி உடுப்போடு ராணுவத்தார் சிலர் நின்றார்கள். எல்லாரையும் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். பெட்டி, பை, முடிச்சு எல்லாம் அவிழ்த்தார்கள். வெற்றிலைப் பையிலிருந்து அந்தத் தாள் வந்தது.

பிரித்துப் பார்த்தவன் அதிகாரியிடம் கொண்டுபோனான். அதிகாரிக்குத் தமிழ் தெரியவில்லை. ஆனால் எண் தெரிந்தது, மைல் தெரிந்தது, பாலத்துக்குப் போட்ட கோடு தெரிந்தது. ஐயாத்துரையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். ஐயாத்துரை வாசித்தார். தூசியின் மேல் புகார் என்றார், கந்தசாமிக்கு எழுதியது என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அப்படி ஒரு வழக்கம் அவருடைய ஊரிலும் இல்லை. சாமிக்குப் புகார் எழுதுகிறவனுக்குப் பாலம் எங்கே இருக்கிறது என்பது எதற்கு என்று அதிகாரி கேட்டார்.

கோவிந்தசாமியைத் தனியே அழைத்துப் போய் ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவன் இருந்தான். கண்ணாடி போட்டிருந்தான், வாத்தியார் போல இருந்தான், கைகள் பின்னால் கட்டியிருந்தன. மற்றவர்களை ஏறச் சொன்னார்கள்.

"பிள்ளை, நீர் ஏறும்" என்றார் ஐயாத்துரை அம்சவல்லியிடம். அவர் உதடு காய்ந்திருந்தது. "ஊரடங்குக்கு முன்னம் பாலம் கடக்க வேணும். ஐயாவை விசாரிச்சுப்போட்டு விடுவினம். நான் பிறகு ஆள் அனுப்புறன்."

"எங்கப்பா ஊரு போய்ச் சேரணும்ங்க. நானு சொல்லிட்டு வந்துருக்கறன்."

"சொன்னது சரி, இஞ்சை நிண்டால் நீரும்..."

அவள் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். புளியமரத்தடிக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது.

அதிகாரி வந்து எதிரே நின்றார். தாளைக் காட்டி என்னவோ கேட்டார். அவள் தாளைத் தொட்டு, அப்பாவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே காட்டினாள். அவருக்குக் கோபம் வந்தது. குரல் உயர்ந்தது. அந்தக் குரலுக்கோ வெயிலுக்கோ கோவிந்தசாமிக்கு இருமல் எழும்பிவிட்டது. முதலில் சின்னதாக, பிறகு நிற்காமல். உட்கார்ந்தவர் சாய்ந்தார், சாய்ந்தவர் மண்ணில் கையை ஊன்றிக்கொண்டார். கண் பிதுங்கியது. உள்ளே கல்லை அரைக்கிற மாதிரி சத்தம். வாயிலிருந்து வந்தது மண்ணில் சிவப்பாக விழுந்தது. துப்பாக்கி பிடித்தவர்கள்கூட ஓரடி பின்னால் போனார்கள். கை கட்டிய மனிதன் மட்டும் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருமல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அதிகாரி தாளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். கூட இருந்த நரைத்த தலைக்காரர் ஒருவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார். அம்சவல்லி அப்பாவைத் தூக்கி நிறுத்தினாள். கிளம்பும் முன் கோவிந்தசாமி தன் சொம்பில் இருந்த தண்ணீரைக் கை கட்டியவன் வாயில் சாய்த்தார். அவன் குடித்தான். யாரும் தடுக்கவில்லை. சாகப் போகிறவனுக்குக் கடைசித் தண்ணீர் என்றுதான் விட்டார்கள் என்பது அம்சவல்லிக்குப் பிற்பாடு புரிந்தது.

பாலம் தாண்டி வளைவில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ராஜம்மாள் கீழே இறங்கி, முன் சக்கரத்துக்கு எதிரே ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம் மேல ஏத்திட்டுப் போடான்னு சொல்லிட்டன்" என்றாள். "எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கறது? சீக்கிரம் வரக் கூடாதா? என்னாண்ணே, பிரதிவாதி ஆஜரானானா?"

"ஆனான் தாயி" என்றார் கோவிந்தசாமி.

அதன்பிறகு ஊரடங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தது, கஞ்சியும் தேங்காய்ச் சம்பலும் தின்றது, கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது எல்லாம் பெரிய கதை. அந்த நாட்களில் அம்சவல்லி தூங்கியதாக யாரும் பார்க்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மூச்சு நிற்கவில்லை. நின்றுவிடும் போல இழுக்கும், பிறகு திரும்பி வரும். சித்திரையில் விருத்தாசலம் ஸ்டேஷனில் அவரை இறக்கியபோது ஆண்டாள் ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் என்று பேட்டை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அது உண்மையும்கூட.

வந்தவர் படுத்தார். ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். மாதம் போயிற்று. மழைக்காலம் வந்து போயிற்று. அடுத்த பொங்கல் வந்தது. கோவிந்தசாமி எலும்பும் தோலுமாகக் கிடந்தார். சோறு இறங்கவில்லை, படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தபடியே இரவும் பகலும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்களுக்கே கேட்கும். முடிந்தது என்று இரண்டு முறை வாயில் பால் ஊற்றிவிட்டார்கள். இரண்டு முறையும் பாலைத் துப்பிவிட்டு மூச்சு திரும்பி வந்தது. வேலைக்குப் போன இடத்திலும் அம்சவல்லியின் காதில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"பாப்பா. அது இன்னும் கட்டியேதான் கெடக்குது."

கதிர்காமத்துப் பிராதைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"என்னா எழுதின? மூச்சு நிக்காம இருக்கணும்னு எழுதின. ஊரு போய்ச் சேர்ற மட்டும்னு எழுதினியா?"

அவள் யோசித்தாள். குறையில் எழுதியிருந்தாள். வேண்டுவதில் எழுதவில்லை. அவர் சொல்லவில்லை, அவளும் எழுதவில்லை.

"அவன் சொன்னத செய்யறான். அவன் மேல தப்பு இல்ல" என்றார் கோவிந்தசாமி. "என்னால முடியல பாப்பா. போயி வாங்கிடு."

கடலுக்கு அப்பால் போக இனி வழியில்லை. மணவாளநல்லூருக்குப் போனாள். திரும்ப வாங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பிராது எழுதும் பெரியவர் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"எங்க கட்டினா என்னா, சாமி ஒண்ணுதான். இங்கயே எழுதிக் குடுக்கலாம். ஆனா கட்டினவரு வரணும்மா. நீ குடுத்தா செல்லாது."

அவளுக்கு உயிர் வந்தது போல இருந்தது. ஓட்டமாக வீட்டுக்கு வந்து, நீங்கதான் வரணுமாம்பா, உங்களால எப்படி முடியும் என்றாள்.

"வண்டியக் கட்டச் சொல்லு" என்றார்.

"அங்க எழுதிக் குடுத்துட்டு, வர்ற வழில ஒண்ணு ஆயிட்டா? அது ஊருக்கு வெளியப்பா."

"தெரியும். ரயில்வே கேட்டத் தாண்டினா நம்ம ஊரு. அது மட்டும் வந்துட்டா போதும். நீதான் கொண்டாந்து வுடுவியே."

ஆண்டாள் வேண்டாம் என்று அழுதாள், அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வண்டிக்காரன் தனக்கோடியின் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, தலையணை அண்டக் கொடுத்து, அம்சவல்லி அப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு போனாள். கோயிலில் அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பெரியவர் எழுதி முடித்ததும் கோவிந்தசாமி கையைத் தூக்கினார்.

"ஒரு வரி சேத்துக்கங்க. வாதி ஊரு போய்ச் சேந்தப்புறம் இது அமலுக்கு வரும்னு."

"சாமிகிட்ட கண்டிசன்லாம் போடக் கூடாது" என்றார் பெரியவர். "வேணும்னா குடுங்க, வேணாம்னா எட்த்துக்கினு போங்க."

கோவிந்தசாமி மகளைப் பார்த்தார். அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் வைத்தாள்.

"தனக்கோடி, ஓட்டு" என்றாள் வண்டியில் ஏறியதும்.

அத்தனை மாதமாகத் தெருவுக்கே கேட்ட அந்த மூச்சு, கோயிலைத் தாண்டியதும் இறங்க ஆரம்பித்தது. கரடுமுரடான சத்தம் போய் மெல்லிசாகிவிட்டது. வலி இல்லாத முகம். அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மாடுகள் ஓடின. தனக்கோடி சாட்டையை எடுக்கிறவன் அல்ல, அன்றைக்கு எடுத்தான். புளியமரங்கள் பின்னால் போயின. அப்பா, அப்பா என்று அவள் கூப்பிடக் கூப்பிட அவர் கண்ணைத் திறந்து திறந்து மூடினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

"தொறங்கண்ணே!" என்று தனக்கோடி கத்தினான்.

"சிக்னலு வுழுந்துடுச்சிப்பா. நெய்வேலி கரி வண்டி வருது. எப்புடித் தொறக்கறது?" என்றான் கேட்காரன் குடிசை வாசலிலிருந்து. "மாட்டு வண்டி போவ முடியாது. ஆளு வேணா இப்டிக்கா ஓடலாம்."

தூரத்தில் கூவல் கேட்டது. அம்சவல்லி வண்டியிலிருந்து குதித்தாள். அப்பாவை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கனமே இல்லை. ஓரத்துச் சின்னத் திறப்பில் நுழைந்து ஜல்லியில் ஏறினாள். தண்டவாளத்தில் கால் தடுக்கியது, விழவில்லை. அந்தப் பக்கம் இறங்கி, கேட்டை விட்டு நாலு எட்டுத் தள்ளி, மண்ணில் உட்கார்ந்து அவரை மடியில் கிடத்தினாள்.

"பாப்பா, எந்தப் பக்கம் இருக்கறோம்?"

"நம்ம பக்கம்பா. தாண்டியாச்சி."

அவர் தலையை ஆட்டினார். அதற்குள் கரி வண்டி வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக, தரை அதிர, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அவள் காதை அவர் வாயருகே வைத்தபடி, கடைசிப் பெட்டி போகட்டும் என்று காத்திருந்தாள். போயிற்று. தனக்கோடி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னாச்சி, என்னாச்சி" என்று கேட்டான்.

அவள் கையைத் தூக்கி அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள். எங்கும் சத்தம் இல்லை, அந்த மூச்சுச் சத்தமும் இல்லை. மறுபடியும் குனிந்து கேட்டாள்.